தண்ணி பாயுற வயலைப் பாரு!

தங்கச்சி, சான் டியாகோவிலிருந்து கிழக்கே மலை இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் இம்பீரியல் பள்ளத்தாக்கு. மழையென்று சொல்லிக்கொள்ள எதுவும் பெய்யாத பாலைவனம். கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து கீரையும் குதிரைமசாலுமாக விளைவிக்கிறார்கள். பறவை பார்க்க டிசம்பர், ஜனவரியில் போ. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது போய்விட்டு வந்து என்னைத் திட்டாதே.

எல்லோரும் நேரே சால்டன் கடலுக்கு ஓடுவார்கள். 1905-ல் ஆறு கால்வாயை உடைத்துப் புகுந்ததில் உண்டான உப்பு ஏரி அது. பார், ஆனால் நாற்றம் தாங்கவேண்டும். என்னைக் கேட்டால் வயல்தான். அதிலும் அன்றைக்குத் தண்ணீர் பாய்கிற வயல். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்க இறங்க உள்ளேயிருக்கும் பூச்சியெல்லாம் மேலே ஏறி வரும். அரிவாள்மூக்கன், உண்ணிக்கொக்கு, கோட்டான் (ஆந்தையில்லை, கர்லூ) மூன்றும் தண்ணீர் விளிம்போடு சேர்ந்தே நகரும். நம்மூரில் டிராக்டர் பின்னால் கொக்கு நடக்குமே, அதே கணக்கு. அப்படி ஒரு வயல் கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரி.

கால்வாய்க் கரையில் வளை ஆந்தை இருக்கும், பகலிலேயே. ஒரு சாண் உயரம்தான். கால் மட்டும் நெட்டை. மண்கட்டி என்றுதான் நினைப்பாய், அது தலையைத் திருப்புகிற வரைக்கும். காரைவிட்டு இறங்காதே. என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிப் பார். முதல் தடவை நான் ஆசையில் இறங்கிக் கதவைச் சாத்தினேன். சத்தத்தில் வளைக்குள் போனது போனதுதான். முக்கால் மணி நேரம் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரமான மண்பாதையில் காரை விடாதே, களிமண் சக்கரத்தை விடாது. வயலுக்குள் கால் வைக்காதே. கான்கிரீட் கால்வாயில் கை கழுவக்கூட இறங்காதே, வழுக்கினால் ஏறப் பிடிமானம் கிடைக்காது. மருந்தடிக்கும் விமானம் தாழப் பறந்தால் கண்ணாடியை ஏற்றிக் கிளம்பிவிடு.

மெக்சிகோ எல்லை பக்கத்திலேயே இருப்பதால் திரும்பும் வழியில் எல்லைக் காவலர் சோதனைச் சாவடி வரும். விசாவில் இருக்கிறாய், பாஸ்போர்ட்டும் ஐ-94 தாளும் கையில் இருக்கட்டும்.

வயல் சாலைகளில் கழிப்பறை கிடையாது. பிராலி ஊரிலேயே போய்விட்டுக் கிளம்பு.