உபவாசம் இருந்தேன், பங்கைக் கொடுக்கவில்லை

கீழ்ப்படியாமை என்றதும் குடி, சூது, சபைக்கு வராமை என்றே நமக்குத் தோன்றும். ஆனால் தேவனோடு வருஷக்கணக்கில் முரண்டு பிடிக்கிறவர்கள் பலர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

கடலூர் முதுநகரில் அப்பா விட்டுப்போன வீடு. உயில் கிடையாது, அம்மா முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் நானும், சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்காவும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சட்டமும் தெரியும், கர்த்தர் உணர்த்துவதும் தெரியும். “நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம்” என்ற பதிலும் தயாராக இருந்தது. அதிலிருந்து வெளியே வந்தபோது கற்றவை இவை.

1. ஊழியத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள். சவுல் அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்துவிட்டு, பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று சாமுவேலிடம் சமாளித்தான். நானும் உபவாசக் கூட்டம் தவறியதில்லை, தசமபாகம் குறைத்ததில்லை. கடலூரில் பிறந்த ஆரோன் 1733-இல் தரங்கம்பாடி மிஷனில் குருப்பட்டம் பெற்றதை மேடைதோறும் பெருமையாகச் சொல்வேன். முன்னோரின் கீழ்ப்படிதல் நம் கணக்கில் வரவாகாது. தேவன் என்னிடம் கேட்டது அக்காவின் பங்கை. நான் கொடுத்துக்கொண்டிருந்தது மற்றதையெல்லாம்.

2. தெரிந்த காரியத்துக்கு வழிநடத்துதல் கேட்காதீர்கள். “ஜெபித்துப் பார்க்கிறேன்” என்பது எனக்கு வசதியான தவணையாக இருந்தது. திராட்சைத் தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்றவன் பிறகு போனான். போகிறேன் என்றவன் போகவே இல்லை. இயேசு சொன்ன அந்த இரண்டு மகன்களில் நான் இரண்டாமவன். செய்ய வேண்டியது தெளிவாக இருந்தால், அதைச் செய்யப் பெலன் தாரும் என்று மட்டும் ஜெபியுங்கள்.

3. மனந்திரும்புதலுக்குத் தொகையும் தேதியும் வையுங்கள். சகேயு உருகி அழுததாக வேதத்தில் இல்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்று கணக்குச் சொன்னான். நானும் வீட்டின் அன்றைய சந்தை மதிப்பைக் கேட்டு, அதில் பாதியை எழுதி, பணம் கொடுக்கும் நாளைக் குறித்தேன். அக்கா பணத்தைப் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதித்தருவதாக ஏற்பாடு. பத்திர எழுத்தரிடம் போன பிறகுதான் சாக்குகள் குறைந்தன.

4. ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். தனியாக எடுக்கும் தீர்மானத்தைத் தனியாகவே மறந்துவிடலாம். சபை மூப்பர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்து, “பத்திரம் முடிஞ்சுதா?” என்று மட்டும் கேட்பார். என் முரண்டை அசைத்தது அந்தக் கேள்விதான்.

5. பாராட்டை எதிர்பார்க்காதீர்கள். சிதம்பரத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். “அப்பவே குடுத்திருந்தா, புள்ள படிப்புக்கு வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டேன்டா தம்பி” என்றாள். அத்தான் ஒன்றும் பேசவில்லை. தாமதத்தின் வட்டியை நான் கட்டவில்லை, அவள் கட்டியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன், அந்த வட்டியையும் சேர்த்துக் கொடுத்தேன். உறவு மெதுவாகத்தான் திரும்பி வருகிறது. அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

முரண்டு ஒரே தடவையில் ஒழிந்துவிடவில்லை. வேறு காரியங்களில் தலைதூக்குகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: குடும்ப ஜெபத்தில் யாருடைய பெயர் வந்ததும் அடுத்த விண்ணப்பத்துக்குத் தாவுகிறேன் என்று கவனிப்பேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருந்தால், இந்த வாரம் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.