சவ்வும் அவையும்

கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சி வெற்றி பெற்ற வரலாற்றில், ஒரு மெல்லிய படலத்தின் எந்தப் பக்கம் உப்புநீரை நோக்கி இருக்க வேண்டும் என்னும் எளிய வினாவுக்குப் பெரிய இடமுண்டு.

அடர்த்தி குறைந்த கரைசலிலிருந்து அடர்த்தி மிகுந்த கரைசலுக்குச் சவ்வின் வழியே நீர் செல்வது சவ்வூடு பரவல். உப்புநீரின் பக்கம் பேரழுத்தம் தந்தால் இந்த ஓட்டம் திசை மாறும். உப்பு பின்தங்க, நீர் மட்டும் மறுபுறம் வரும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளாலான படலத்துக்கு உப்பைத் தடுக்கும் ஆற்றல் உண்டென்பதைப் புளோரிடாவில் ரீடு என்னும் அறிஞர் முன்னரே கண்டிருந்தார். ஆயினும், நீர் மிக மெதுவாகவே கசிந்ததால் அதனால் ஊருக்குப் பயன் விளையவில்லை.

1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருவர் இச்சிக்கலை எடுத்துக்கொண்டனர். ஒருவர், நாற்பது வயதை எட்டும் பருவத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்த சிட்னி லோப். மற்றவர், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜன். விலைக்கு வாங்கிய படலத்தை நீரிலிட்டுச் சூடாக்கிச் சோதித்தபோது, ஒருமுறை உப்பு நன்கு தடுக்கப்பட்டது, மறுமுறை தடுக்கப்படவில்லை. படலம் ஒன்றே, புரட்டி வைத்ததால் நேர்ந்த வேறுபாடு அது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் செறிவான மென்தோலும், அதனடியில் நுண்துளைகள் நிறைந்த தாங்குபகுதியும் இருந்தன. இவ்வமைப்பைத் தாமே உருவாக்கியபோது, நீரின் ஓட்டம் ஏறத்தாழப் பத்து மடங்கு கூடியது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா நகரில் இம்முறையால் உவர்நீர் குடிநீராயிற்று. சென்னைக்கு அருகே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீர் தருமாறு தனித்தனியே அமைக்கப்பட்ட ஆலைகள் இக்கண்டுபிடிப்பின் வழித்தோன்றல்களே.

புரட்டி வைத்தால் பிழைபடும் என்பது போன்ற செய்திகள் ஆய்வுக் கட்டுரைகளில் எளிதில் இடம்பெறுவதில்லை. கட்டுரை வெற்றி பெற்ற அளவீடுகளையே பெரிதும் சொல்லும். அறையின் ஈரப்பதம் கூடிய நாளில் படலம் ஏன் வெண்மை படர்ந்தது, எந்தத் தாளில் வார்த்தால் கிழிந்தது என்பனவற்றைச் செய்தவரிடமே கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்பதற்கான களமே மாநாடு. சவ்வுத் துறைக்கென உலக மாநாடு ஒன்று 1987இல் டோக்கியோவில் தொடங்கி, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை நகரம் மாறி நடந்து வருகிறது. அங்கே மேடையுரைகளைவிட, மாணவர்கள் தம் முடிவுகளைப் பெரிய தாளில் அச்சிட்டுத் தொங்கவிட்டு, அதன் அருகே நிற்கும் கூடமே மிகுந்த பயன் தருவது. நூலட்டையில் மட்டும் பெயர் கண்ட பேராசிரியர், மாணவரின் முன் நின்று வினவும் இடம் அது. வினாவுக்கு விடை தெரியாமல் திகைப்பதும் அங்குப் பெறும் பயிற்சியே.

ஆனால் அந்தக் கூடத்துக்குச் செல்லும் வழி செலவு மிக்கது. பதிவுக் கட்டணம், விமானக் கட்டணம், தங்குமிடம், நுழைவிசைவு ஆகிய அனைத்தும் சேரும்போது, உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவருக்கு அது பல மாத வருவாயாகிவிடும். இதனை உணர்ந்த அமைப்புகள் பல வகையில் கைகொடுக்கின்றன. வட அமெரிக்கச் சவ்வுக் கழகம், தன்னை நிறுவியவர்களுள் ஒருவரான எலியாஸ் கிளைனின் பெயரால் மாணவர்களுக்குப் பயண உதவி வழங்கி வந்துள்ளது. ஐரோப்பியச் சவ்வுக் கழகம் இளம் ஆய்வாளர்களுக்குக் கோடைக்காலப் பள்ளிகளை நடத்துகிறது. இந்தியாவில் அறிவியல் தொழிலக ஆய்வுக் குழு, கட்டுரை ஏற்கப்பட்ட ஆய்வு மாணவர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு நிதி தரும் திட்டத்தை வைத்துள்ளது.

உதவியின் அளவைப் போலவே அது கிடைக்கும் காலமும் எண்ணத்தக்கது. முதலில் செலவிடுக, சீட்டுகளைக் காட்டிப் பின்னர்ப் பெறுக என்னும் முறையில், கடன் வாங்கக்கூடிய மாணவரே புறப்பட இயலும். கடன் தருவார் இல்லாத வீட்டிலிருந்து வருபவர், ஆய்வு ஏற்கப்பட்ட பின்னும் ஊரிலேயே இருந்துவிடுவார். உதவி அவர் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர் மட்டும் அவையில் இருக்கமாட்டார். முன்பணமாகத் தருவதும், பயணச்சீட்டை நிறுவனமே வாங்கித் தருவதும் நிதியைக் கூட்டாமலே இக்குறையை நீக்கும்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டு லண்டனில் கூடவேண்டிய உலக மாநாடு இணையவழியே நடைபெற்றது. பயணச் செலவு மறைந்தது, நுழைவிசைவு தேவைப்படவில்லை. தொலைவிலிருந்த மாணவர்க்கு அது நல்வாய்ப்பே. எனினும் திரைக்கு அப்பாலிருந்தவரின் சவ்வுத் துண்டைக் கையில் வாங்கி, ஒளியில் புரட்டிப் பார்த்து, “மென்தோல் எந்தப் பக்கம்?” என்று கேட்க எவராலும் இயலவில்லை.