கழற்றப்பட்ட விளக்கும் குடியிருப்பவர் உரிமையும்

சிரஞ்சீவி தம்பிக்கு,

பம்பாய் மாதுங்காவில் உங்கள் கட்டடத்து வீட்டுக்காரர், பழுது என்று சொல்லி லிஃப்டைப் பூட்டியதோடு நில்லாமல் மாடிப்படி விளக்குகளையும் கழற்றிவிட்டார் என்றும், நாலாம் மாடிப் பாட்டி ஆஸ்திக சமாஜக் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள் என்றும், ஆகவே வாடகையை நிறுத்திவிட உத்தேசம் என்றும் எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயமானது. ஆனால் வாடகையை மாத்திரம் நிறுத்தாதே. பாக்கி என்ற ஆயுதத்தை நாமே அவர் கையில் கொடுத்தால், விளக்கைக் கழற்றியவர் வாதியாகவும் இருட்டில் படியேறியவர் பிரதிவாதியாகவும் ஆகிவிடுவார்கள். வாங்க மறுத்தால் மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்பி, அத்தாட்சியைப் பத்திரப்படுத்து.

1947-ஆம் வருஷத்துப் பம்பாய் வாடகைச் சட்டத்தின் ஸ்தானத்தில் வந்து, 2000 மார்ச் 31 முதல் அமலில் இருக்கும் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தக்க காரணமின்றி அத்தியாவசிய வசதி எதையும் வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்கிறது. தண்ணீர், மின்சாரம், நடைவழியிலும் படியிலும் எரியும் விளக்கு, லிஃப்ட், துப்புரவு இவையெல்லாம் அதில் அடங்கும். ஆள் வைத்துச் செய்தாலும் குற்றம் அவருடையதே. தோபி தலாவிலுள்ள ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் மனுச் செய்தால், விசாரணை முடியுமுன்பே இடைக்கால உத்தரவின் மூலம் வசதியைத் திரும்பப் பெறலாம். மீறியவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

பழுதுபார்க்கும் கடமை 14-ஆம் பிரிவின்படி வீட்டுக்காரரைச் சேர்ந்தது. குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பியும் அவர் அசையாவிட்டால், நீங்களே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு வருஷத்தில் அவ்வருஷ வாடகையின் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. லிஃப்டுக்கு இந்தத் தொகை காணாது. அதற்குக் கோர்ட்டே வழி.

செம்பூரில் லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற அனுமதி ஒப்பந்தத்தில் இருக்கும் உன் சிநேகிதனின் நிலைமை வேறு. அவனுக்குப் பிரதான பலம் ஒப்பந்தமே. கீசர், கார் நிறுத்துமிடம் போன்ற வசதிகளும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு 55-ஆம் பிரிவின்படி வீட்டுக்காரருடையது. பதிவு செய்யத் தவறினால், நேர்மாறாக நிரூபிக்கப்படும் வரையில், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவன் சொல்லே நிற்கும்.

இன்றே பூட்டிய லிஃப்டையும் வெறும் ஹோல்டர்களையும் தேதியோடு படமெடு. எல்லா மாடிக்காரர்களும் கையெழுத்திட்ட நோட்டீஸை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய பிறகு வக்கீலைப் பார். பாட்டியின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.

உன் மாமா