அளவு வைப்பதில் இருக்கிறது மூட்டு: இயந்திரத்தில் துளையும் நாக்கும்

பட்டறைக்கு வரும் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணே, எந்த மெஷின் வாங்கினா கதவு மூட்டு சுத்தமா வரும்?" எந்த மெஷினும் தானாகச் சுத்தமான மூட்டைத் தராது, ஒரே மாதிரியான மூட்டைத்தான் தரும் என்று நான் சொல்வேன். நான்கு குறுக்குச்சட்டம் வைத்த கதவில் எட்டு மூட்டுகள். வைத்த அளவு சரியென்றால் எட்டும் சரியாக வரும். பிசகினால் எட்டும் பிசகும். உளியும் கொட்டாப்புளியும் பிடித்து வேலை செய்கிறவர் ஒவ்வொரு மூட்டிலும் கையைத் திருத்திக்கொள்ளலாம். மெஷினில் அந்தத் திருத்தத்தை எல்லாம் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

துளையடிக்கும் இயந்திரம் பிறந்த காரணமே இந்த ஒரே மாதிரிதான். 1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் பாய்மரக் கப்பல்களுக்கான மரக் கப்பிகளைச் செய்ய, மார்க் இசம்பார்ட் புரூனெல் வடிவமைக்க, ஹென்றி மாட்ஸ்லே வரிசையாக இயந்திரங்களைச் செய்துகொடுத்தார். துளையடிக்கும் இயந்திரமும் அவற்றில் ஒன்று. 1808-இல் அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,30,000 கப்பிகள் தயாராயின. நம் பட்டறையின் சின்ன மார்ட்டைசரும் துளையடிக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒன்றரை அங்குலக் கனமுள்ள தேக்குக் கதவு ஒன்றை எடுத்துக்கொண்டு, நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன்.

முகப்பைக் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்

சட்டங்களை இழைத்து, மூலைமட்டம் வைத்துச் சதுரம் பார்த்ததும், ஒவ்வொன்றிலும் கதவின் முன்பக்கமாக வரப்போகும் முகத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போடுங்கள். இனி எந்த மெஷினுக்குப் போனாலும் அந்த முகம்தான் வழிகாட்டிப் பலகையை ஒட்டி நிற்க வேண்டும். துளை நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் எல்லாத் துளைகளும் ஒரே பக்கம் விலகியிருந்தால் கதவு கெடாது. ஒரு சட்டத்தை மட்டும் திருப்பி வைத்துவிட்டால் அந்த ஒரு மில்லிமீட்டர் இரண்டாகி, மூட்டில் படி விழுந்துவிடும். அந்தப் படியை இழைத்து எடுக்கப் போனால் கனம் போய்விடும்.

துளைக்குள் போகும் நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, நல்ல கணக்கு. ஒன்றரை அங்குலத்துக்கு அரை அங்குலம். மார்ட்டைசரில் அரை அங்குல உளியே கிடைக்கும் என்பதால் அளவு தானாக அமைந்துவிடுகிறது.

துளை முதலில்

துளையின் அகலத்தை உளி முடிவு செய்துவிடுகிறது, அதை மாற்ற முடியாது. நாக்கையோ ஒரு சீவல் குறைத்துக்கொள்ளலாம். அதனால் எப்போதும் துளையை அடித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி நாக்கை அறுங்கள்.

மார்ட்டைசரில் சதுர உளிக்குள்ளே துரப்பணம் சுழல்கிறது. துரப்பண முனைக்கும் உளியின் விளிம்புக்கும் இடையே அரை நூல், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒட்டி வைத்தால் இரண்டும் உரசிச் சூடேறும், உளி நீலம் பாய்ந்து பதம் போய்விடும், சமயத்தில் விரிசலும் விடும். உளியின் பக்கவாட்டில் இருக்கும் திறப்பு, ஏற்கெனவே அடித்த குழியைப் பார்த்து நிற்கட்டும். தூள் வெளியேற அதுதான் வழி.

குழிகளை அடுத்தடுத்து அடிக்காதீர்கள். இரு முனைகளிலும் முதலில் அடித்துவிட்டு, உள்ளே உளி அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக இடம் விட்டு விட்டு அடியுங்கள். மிச்சம் நிற்பதைப் பிறகு எடுங்கள். இப்படிச் செய்தால் உளிக்கு இரு பக்கமும் சமமாக மரம் இருக்கும். ஒரு பக்கம் வெற்றிடமாக இருந்தால் உளி அந்தப் பக்கம் சாய்ந்து, துளைச் சுவர் கோணலாகிவிடும். நெடுஞ்சட்டத்தைத் துளைத்து மறுபக்கம் வரும் மூட்டென்றால் பாதி ஆழம் இந்தப் பக்கம், பாதி ஆழம் அந்தப் பக்கம் என்று அடியுங்கள். அப்போதும் அடையாளமிட்ட முகம் வழிகாட்டியை விட்டு விலகக் கூடாது. மறுபக்கம் வராத துளையென்றால் நாக்கின் நீளத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல் ஆழம் வேண்டும், பசைக்கு இடம் அது.

நெடுஞ்சட்டத்தை இரு முனையிலும் ஓர் அங்குலமாவது நீளம் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தை ஒட்டித் துளையடித்தால் மரம் பிளக்கும். கதவைக் கூட்டிப் பசை காய்ந்த பிறகு அந்த மிச்சத்தை அறுத்துவிடலாம்.

தோள்தான் அகலத்தைத் தீர்மானிக்கிறது

மூன்றடி அகலக் கதவில் இரு நெடுஞ்சட்டங்களும் நான்கு அங்குலம் என்றால், ஒரு தோளிலிருந்து, அதாவது நாக்கு தொடங்கும் இடத்திலிருந்து, மறு தோளுக்கு 28 அங்குலம். நான்கு குறுக்குச்சட்டங்களிலும் இந்த அளவு ஒன்றாக இருந்தால்தான் கதவு மூலைக்கு மூலை சரியாக நிற்கும். சட்டங்களின் முனைகளைச் சதுரமாக, ஒரே நீளத்துக்கு வெட்டிவிட்டு, டேபிள் சாவில் ஒரே அமைப்பில் எல்லாத் தோள்களையும் அறுத்துவிடுங்கள். அளவுக்காக வழிகாட்டியில் பொருத்தும் நிறுத்தக்கட்டை ரம்பத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். அறுபட்ட துண்டு வழிகாட்டிக்கும் சுழலும் ரம்பத்துக்கும் நடுவே சிக்கினால் ஆளை நோக்கிப் பாயும்.

நாக்கின் இரு பக்கங்களை நான் பேண்ட் சாவில் அறுக்கிறேன். சட்டத்தைத் திருப்பிப் போடாமல், அடையாளமிட்ட முகத்தை வழிகாட்டியில் ஒட்டி வெளிப்பக்கத்தை அறுத்ததும், இடையில் ஒரு பலகைத்துண்டைச் செருகி உள்பக்கத்தை அறுக்கிறேன். அந்தத் துண்டின் கனம், நாக்கின் கனத்தோடு ரம்பம் தின்னும் வழியைச் சேர்த்த கனம். நாக்கு 12.7 மில்லிமீட்டர், ரம்பவழி ஒரு மில்லிமீட்டர் என்றால் துண்டு 13.7. நாக்கு மெலிந்து வந்தால் துண்டின் மேல் ஒரு தாளை ஒட்டுங்கள், அவ்வளவு நுணுக்கமாகத் திருத்த முடியும்.

நாக்கு கையழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். தூக்கினால் தானாக நழுவி விழவும் கூடாது. சுத்தியலால் அடித்துத்தான் இறங்குகிறது என்றால் நெடுஞ்சட்டம் பிளக்கப்போகிறது என்று பொருள். அந்த இடத்தில் இழைப்புளியை எடுங்கள்.

கூட்டும்போது

பூட்டு வரும் நடுச்சட்டம் எட்டு அங்குல அகலம் இருக்கும். அதற்கு ஒரே அகல நாக்கு வேண்டாம். அவ்வளவு நீளத் துளை நெடுஞ்சட்டத்தை வலுவிழக்கச் செய்யும், அகல நாக்கு சுருங்கும்போது மூட்டும் தளரும். நடுவே இடைவெளி விட்டு இரண்டு நாக்குகளாகப் பிரியுங்கள். பேனல் பலகைக்குப் பள்ளத்தில் பசை போடவே வேண்டாம். சித்திரை வெயிலில் சுருங்கவும் ஐப்பசி மழையில் விரியவும் அதற்கு இடம் தேவை.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. அறுத்து நாள்கணக்கில் வைத்துவிட்டுப் பசை போட்டால் பிடிப்பு குறையும், புதிதாக அறுத்த முகத்திலேயே போடுங்கள். மூங்கில் ஆணி அடிக்கிறவர்கள் நாக்கில் உள்ள ஓட்டையைத் தோள் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால், ஆணி இறங்க இறங்கத் தோளை இழுத்து மூட்டை இறுக்கும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் ரம்பமும் உளியும் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய உளியை அழுத்தி இறக்குவதைவிட, நிறுத்திப் பதம் போடுவதே வேகமான வேலை. சுழலும் மெஷினில் கையுறை வேண்டவே வேண்டாம். நூல் சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒவ்வொரு கதவுக்கும் நல்ல மரத்தைத் தொடும் முன், அதே கனத்தில் கழிவுத்துண்டு இரண்டை எடுத்து முழு மூட்டையும் செய்து பாருங்கள். பசை காய்ந்ததும் அதை நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். தோள் ஒட்டியிருக்கிறதா, துளைச் சுவர் நேராக இருக்கிறதா, பசை எங்கெல்லாம் பரவவில்லை என்று உள்ளே தெளிவாகத் தெரியும். குறை தெரிந்தால் அளவைத் திருத்தி இன்னொரு மூட்டு செய்யுங்கள். சரியாக வந்ததன் மேல் எல்லா அளவுகளையும் எழுதி, பலகைத்துண்டையும் அதோடு கட்டி வையுங்கள். அடுத்த கதவுக்கு மெஷினை அதை வைத்தே அமைக்கலாம்.