செம்பனைக் காட்டுக் குரங்கும் கிளினிக் சீட்டும்

கேள்வி: எங்கள் மருமகளுக்கு ஏழாவது மாதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். கிளினிக்கில் இப்போது அளவைக் கூட்டிவிட்டார்கள். வெளியே எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் 6.9, டிரைகிளிசரைடு 3.1 என்று வந்திருக்கிறது. “செம்பனைக் காட்டில் குட்டியை வயிற்றோடு அணைத்துத் தாவுகிற குரங்குக்கு எவர் மாத்திரை கொடுத்தார்?” என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மாத்திரையை நிறுத்தலாமா?
— ஒரு மாமியார், லாபு

பதில்: அம்மையீர், பாட்டியாரின் கேள்வியைப் பரிகாசமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்த நீள்வால் குரங்கும் நாமும், கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் கரு தானே ஒரு ஹார்மோனைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரே வம்சத்தினர். ஆயினும் குரங்கினிடத்தில் சில வாரங்களில் ஓய்ந்துவிடும் அச்சுரப்பு, மானிட ஸ்திரீயினிடத்திலோ பிரசவம் வரை நீடிப்பதோடு, முதல் மூன்று மாதங்களில் கழுத்துச் சுரப்பியையும் தட்டியெழுப்பி அதிக வேலை வாங்குகிறது.

சிசுவின் தைராய்டு ஏறக்குறைய 12ஆம் வாரத்தில் தொழிலைத் தொடங்கினாலும், 18, 20 வாரங்கள் வரை பெரும்பாலும் தாயின் சுரப்பையே நம்பியிருப்பதால், ஆரோக்கியமான சுரப்பி கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. உங்கள் மருமகளின் சுரப்பிக்கு அந்தத் திராணியில்லாமையால், குறையை மாத்திரைதான் நிரப்பவேண்டும். நிறுத்தவே கூடாது. இன்னொன்று: அதையும் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடியற்காலையில் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. இரும்பு மற்றதை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே 4 மணி நேரமாவது போகட்டும்.

கொழுப்பின் கதை வேறு. கடைசி மாதங்களில் தாயின் சரீரம் கொழுப்பை எரித்துக்கொண்டு சர்க்கரையைச் சிசுவுக்கு விட்டுக்கொடுப்பதாலும், நஞ்சு தாயின் கொலஸ்ட்ராலைக் கொண்டே புரொஜெஸ்டிரோனை ஆக்குவதாலும், டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்காவதும் கொலஸ்ட்ரால் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை ஏறுவதும் ஸ்வபாவமே. வேடிக்கை என்னவென்றால், நீள்வால் குரங்கின் இனத்தில் கர்ப்பகாலத்தில் கொலஸ்ட்ரால் இறங்குவதையே கண்டிருக்கிறார்கள். பாட்டியாரின் உவமை இங்கே பொருந்தவில்லை. டிரைகிளிசரைடு 10ஐத் தாண்டினால் கணையத்துக்கு அபாயம், 3.1க்குப் பயம் வேண்டாம். ஆனால் தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும். மாத்திரையை நிறுத்துவது கொழுப்புக்கும் வைத்தியமாகாது.

பிரசவமாகி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொழுப்பை மறுபடி பாருங்கள். மாத்திரையின் அளவையும் டாக்டரே குறைப்பார். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துத் தைராய்டு சோதிப்பார்கள். பேரப்பிள்ளைக்கு ஏதோ கோளாறென்று கலங்கிவிடாதீர்கள், இந்நாட்டு மருத்துவமனைகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதுதான்.