கல்விப் பொருள் காத்தல்

மேனிலைப் பள்ளித் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில் வீடுதோறும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. பிள்ளை எக்கல்லூரியில் எப்பாடம் பயில்வது என்பது ஒன்று; அதற்குரிய பொருளை எங்ஙனம் திரட்டுவது என்பது மற்றொன்று. முதல் வினாவைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து ஆராய்கின்றனர். இரண்டாம் வினாவையோ, பிள்ளைகள் உறங்கிய பின்னர்த் தாயும் தந்தையும் தமக்குள் மெல்லப் பேசிக்கொள்கின்றனர். அன்பினால் விளைவதே எனினும் இவ்வழக்கம் நன்றன்று. தம் கல்விக்கு வேண்டும் பொருள் எவ்வளவு, அஃது எங்கிருந்து வருகின்றது, எவ்விடத்தில் வைக்கப்பெற்றுள்ளது என்பவற்றை மாணவரும் அறிதல் வேண்டும். சென்னை மாநகரின் ஒரு பகுதியாகிய மயிலாப்பூரின் வரலாறு இதனை நமக்கு நன்கு உணர்த்தும்.

மயிலையில் 1872-ஆம் ஆண்டில் 'இந்து பெர்மனன்ட் பண்டு' என்னும் நிதி நிறுவனம் தோன்றிற்று. நிதி என்பது, உறுப்பினரிடமே வைப்புத்தொகை பெற்று, உறுப்பினர்க்கே கடன் கொடுக்கும் அமைப்பாகும். மாதச் சம்பளத்தில் வாழ்வோர், சிறுகச் சிறுக மிச்சம் பிடித்த பொருளை இத்தகைய இடங்களில் சேர்த்து வைத்தனர். மகன் படிப்பும் மகள் திருமணமும் அச்சேமிப்பை நம்பியே நடந்தன.

அக்காலத்துச் சென்னையில் பெரும்புகழ் பெற்று விளங்கிய மற்றொரு நிறுவனம் ஆர்பத்நாட் கம்பெனி. ஆங்கிலேயர் நடத்திய அதனை அசைக்கவொண்ணா மலையென மக்கள் மதித்தனர். ஆயின், 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அது முறிந்து வீழ்ந்தது. அதில் பணம் போட்டிருந்த எத்துணையோ குடும்பங்கள் ஒரே நாளில் வறுமையுற்றன. மயிலாப்பூரில் வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், பணம் இழந்தோர் பொருட்டு நீதிமன்றத்தில் வாதாடினார். அவர் அவ்வளவில் அமைந்தாரல்லர். மக்கள் நம்பிப் பொருள் வைத்தற்கு நம்மவரே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் எனத் துணிந்து, அன்பர் சிலருடன் முயன்றார். அம்முயற்சியின் பயனாக இந்தியன் வங்கி 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது.

வங்கிகளும் சில வேளைகளில் வீழ்வதுண்டு. 1960-ஆம் ஆண்டில் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் பின்னர், 1962-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வைப்புத்தொகைக் காப்பீடு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவர் ஒரு வங்கியில் வைத்த தொகையுள் 1,500 ரூபாய்க்கே காப்பு இருந்தது. 2020-ஆம் ஆண்டில் அவ்வரம்பு, முதலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பெற்றது. ஆயின் இக்காப்பீடு வங்கிகட்கே உரியது. நிதி நிறுவனங்கட்கு இல்லை. இவ்வேறுபாட்டை அறியாதார் இன்றும் பலர் உளர்.

அறியாமையால் விளையும் துன்பத்தை மயிலை மீண்டும் கண்டது. ஒன்றரை நூற்றாண்டு கடந்து நின்ற இந்து பெர்மனன்ட் பண்டில், தாம் வைத்த தொகை உரிய காலத்தில் திரும்பக் கிடைக்கவில்லை என வைப்பாளர் பலர் முறையிட்டனர். 2024-ஆம் ஆண்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவினர் வழக்குப் பதிந்து அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவரைக் கைது செய்தனர். தாத்தா பணம் போட்ட இடமாயிற்றே என்று பேரனும் போடுதல் போதாது. நிறுவனத்தின் வயதும், பெயரின் பெருமையும், தருவதாகக் கூறும் மிகுந்த வட்டியும் பொருளுக்குக் காவல் ஆகா. 'இத்தொகைக்குக் காப்பீடு உண்டா?' என்று கேட்டறிதலே முதற்காவல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய, மாதம் 500 ரூபாய் சேர்த்துவரும் பெற்றோர்க்கு, 84 மாதங்களில் வட்டியின்றியே 42,000 ரூபாய் சேரும். ஏழாண்டு உழைப்பின் பயனை ஒரு நாளில் இழத்தல் தகுமோ?

இனி, சேமிப்பதற்கே வழியில்லாக் குடும்பங்கள் யாது செய்யும்? இதற்கும் மயிலை விடை கூறுகின்றது. சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் அருளூக்கத்தால், சி. இராமசாமி ஐயங்காரும் அவர்தம் உறவினர் சி. இராமானுஜாசாரியாரும் 1905-ஆம் ஆண்டில் ஏழை மாணவர் எழுவரைக் கொண்டு இராமகிருஷ்ணா மாணவர் இல்லத்தைத் தொடங்கினர். உண்டியும் உறையுளும் நூலும் தந்து அம்மாணவரைப் படிக்க வைத்தனர். அதற்கு வேண்டும் பொருளைப் பிறரிடம் சென்று இரந்து பெற இராமசாமி ஐயங்கார் நாணினாரல்லர். 1921-ஆம் ஆண்டில் சுவாமி பிரம்மானந்தர் திறந்து வைத்த சொந்தக் கட்டடத்தில் அவ்வில்லம் வளர்ந்தது. பிறர் பொருட்டுக் கேட்க அவர் நாணாதிருக்க, தமக்குரிய உதவியைக் கேட்க மாணவர் நாணுதல் வேண்டா. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்கட்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டிலும், ஆண்கட்குரிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தை 2024-ஆம் ஆண்டிலும் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய் மூன்றாண்டில் 36,000 ரூபாய் ஆகும். இத்தகைய உதவிகளுள் நமக்குரியன எவை, விண்ணப்பிக்க இறுதி நாள் எது என்பவற்றைத் தலைமையாசிரியரிடமும் கல்லூரி அலுவலகத்திலும் முன்னரே கேட்டறிக.

சேமிப்பும் உதவியும் போதாவிடத்துக் கடன் கொள்ள நேரும். கல்விக் கடனைப் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்மேல் ஓராண்டும் கழிந்த பின்னர்த் திருப்பிச் செலுத்தத் தொடங்கலாம். இதனைக் கேட்ட சிலர், அதுவரை வட்டியும் இல்லை என எண்ணி ஏமாறுகின்றனர். வட்டியோ பணம் பெற்ற நாள் தொட்டே ஏறுவது. ஒரு கணக்குக் காண்போம். மூன்றாண்டுப் படிப்புக்கு 3 இலட்சம் ரூபாய், நூற்றுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து என்னும் தனிவட்டிக்குப் பெறுவதாகக் கொள்வோம். முழுத்தொகையும் தொடக்கத்திலேயே பெற்றால் நான்காண்டில் வட்டி 1,20,000 ரூபாய். ஆண்டுதோறும் தொடக்கத்தில் ஓர் இலட்சம் வீதம் பெற்றால், முதல் இலட்சத்திற்கு 40,000, இரண்டாவதற்கு 30,000, மூன்றாவதற்கு 20,000, ஆக 90,000 ரூபாயே ஆகும். வேண்டும்போது வேண்டுமளவே பெற்றமையால் மிஞ்சுவது 30,000 ரூபாய். படிக்கும் நாளிலேயே வட்டியை அவ்வப்போது செலுத்தி வருவார்க்குச் சுமை இன்னும் குறையும்.

கல்லூரிச் சம்பளம் மட்டுமே கல்விச் செலவன்று. விடுதி, உணவு, பேருந்து, நூல், தேர்வுக் கட்டணம் எனப் பல உள. சம்பளத்தை ஒருமுறை எண்ணிக் கட்டும் குடும்பம், நாள்தோறும் கசியும் சிறு செலவுகளை எண்ணாது விடுகின்றது. தியாகராய நகர்க் கடைத்தெருவில் நண்பருடன் ஒரு மாலை உலவித் திரும்புங்கால், திங்கள் முழுமைக்கும் வைத்திருந்த கைச்செலவு கரைந்துபோதல் கூடும். விலைமிக்க நூல்களை எல்லாம் வாங்கியே தீர வேண்டுவதில்லை. அடையாற்றுக்கு அண்மையில், கோட்டூர்புரத்தில், 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களில் அமர்ந்து படித்தல் எளிது.

மாணவர்களே! இன்று மாலை உங்கள் பெற்றோருடன் அமருங்கள். ஒரு தாளில் மூன்று பகுதிகள் வகுத்து, கையில் உள்ளது, கிடைக்கக்கூடியது, கடனாகப் பெறவேண்டியது என எழுதுங்கள். சேமிப்பு எங்குள்ளது, அதற்குக் காப்பீடு உண்டா என்பதனையும் அருகே குறியுங்கள். கல்லூரிக்குச் சென்ற பின் அன்றன்றைய செலவை அன்றன்றே எழுதி வாருங்கள். கேட்கத் தயங்கிய தந்தையும் சொல்லத் தயங்கிய தாயும் அத்தாளின் முன்னே மனம் திறந்து பேசுவர். இதுகாறும் அவர்கள் இருவரே சுமந்துவந்த கவலையில் உங்களுக்குரிய பங்கை நீங்களும் ஏற்றவராவீர்கள்.