மாமல்லபுரத்துக்குக் கூட்டமாகப் போகிறீர்களா?

செங்கல்பட்டிலிருந்து வேன் பிடித்தால் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் துவண்டுவிடுவார்கள்.

முதலில் அர்ச்சுனன் தபசு. கிழக்கு பார்த்த பாறை என்பதால் இளவெயிலில் ஒவ்வொரு உருவமும் துலங்கும். யானைக்குப் பக்கத்தில் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனையையும், அதன் காலடி எலிகளையும் குழந்தைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அடுத்திருக்கும் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. பல்லவச் சிற்பி எவ்வளவு அன்போடு செதுக்கியிருக்கிறார்! செல்ஃபி எடுத்துவிட்டு ஓடாமல் இங்கே ஒரு மணி நேரமாவது நில்லுங்கள்.

ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட்தான். எல்லோருடையதையும் ஒருவர் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். இடையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், முதியவர்களுக்கு ஆட்டோ வைத்துவிடுங்கள். தலசயனப் பெருமாளைச் சேவிக்க விரும்புவோர் மதியம் நடை சாத்துமுன் போக வேண்டும். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் போக நினைத்தால், அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை.

கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு எதிரே வந்து நிற்கும்படி வேனிலேயே சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. இங்கே அலையின் இழுப்பு பொல்லாதது. கரையில் கால் நனைப்பதோடு சரி. நீச்சல் தெரிந்த இளைஞர்களையும் தயவுசெய்து குளிக்க இறங்க விடாதீர்கள்.